காட்டு நடுவே ஒரு வெளியை வரைய: மரத்தைக் கடைசியில் தொடுங்கள்

காட்டுக்குள் இருக்கும் ஒரு திறந்தவெளியை முதன்முதலாக வரைய உட்கார்ந்தபோது, நான் செய்த முதல் காரியம் மரங்களை எண்ணியது. மொத்தம் 23. ஒன்றையும் விடவில்லை. பட்டையின் வெடிப்பு, கிளை ஒடிந்த தழும்பு, வேர்ப்புடைப்பு என்று எல்லாவற்றையும் மூன்று வாரம் அக்ரிலிக்கில் உழைத்து வரைந்தேன். முடித்துச் சுவரில் சாய்த்து வைத்ததைப் பார்த்த மகள், “என்னப்பா, எல்லா மரமும் பிரேயருக்கு நிக்குது?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

கோபம்தான் வந்தது. ஆனால் அவள் கேட்டது சரி. அன்றைக்கு அந்த இடத்தில் என் காலை நிறுத்தியவை மரங்களா என்ன? ஒரு மணி நேரமாக நிழலுக்குள்ளேயே நடந்து வந்தவன் முன்னால் திடீரென்று முப்பதடி அகலத்துக்கு வெயில் கொட்டிக் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் நின்றேன். படத்திலோ அந்த வெயிலுக்கு மரங்களெல்லாம் போக மிச்சமிருந்த இடத்தைத்தான் கொடுத்திருந்தேன். விருந்துக்கு வந்தவரைத் திண்ணையில் உட்கார வைத்த கதை.

அதற்குப் பிறகு இதே விஷயத்தைப் பதினைந்து முறைக்கு மேல் வரைந்திருக்கிறேன். கீழே சொல்வது அப்படி வரைந்து வரைந்து வந்த வரிசை. வெளியை முதலில் ஒரு வடிவமாகப் போடுவது, நிழலுக்கு நிறம் கொடுப்பது, பச்சையைத் தள்ளிப்போடுவது, மரத்தைக் கடைசியில் தொடுவது. ஆயில், அக்ரிலிக் இரண்டுக்கும் பொருந்தும்.

ஏன் போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்ட் முறை

காட்டை உள்ளபடி வரைவது பெரிய வித்தைதான், மறுக்கவில்லை. ஆனால் காட்டுக்குள் கண் பார்ப்பது ஒன்று, மனம் எடுத்துக்கொள்வது வேறொன்று. அந்த இரண்டாவதை வரைய ஒரு வழி வேண்டுமென்றால் 1880களின் பிரான்சுக்குத்தான் போக வேண்டும்.

1888 அக்டோபரில், பிரித்தானி பகுதியின் போன்-தாவென் ஊருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறு காட்டில் போல் செருசியே என்ற இளைஞர் ஒரு சின்ன மரப்பலகையில் படம் வரைந்தார். பக்கத்தில் இருந்து வழிகாட்டியவர் ஓவியர் போல் கோகன். இந்த மரம் உன் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது, மஞ்சளாகவா, அப்படியானால் உன்னிடம் இருக்கும் நல்ல மஞ்சளையே போடு. நிழல் நீலமாகத் தெரிகிறதா, கலப்பில்லாத அல்ட்ராமரைனை (அடர்நீலம்) போடு என்கிற ரீதியில் கோகன் சொன்னதாக செருசியேயின் நண்பர் மொரிஸ் தெனி பிற்பாடு எழுதியிருக்கிறார். பலகையின் அளவு 27 சென்டிமீட்டருக்கு 21.5. ஒரு நோட்டுப் புத்தகம் அளவுதான். நண்பர்கள் அதற்கு ‘தாயத்து’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் இலை என்று ஒன்றைக்கூடத் தனியாகப் பிரித்துக் காட்ட முடியாது. ஆனால் தண்ணீரோரம் நிற்கும் மரங்கள் என்று பார்த்ததும் பிடிபட்டுவிடும்.

இப்படி வரைந்தவர்களுக்கான ‘போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்ட்’ என்ற பெயரே 1910இல் லண்டனில் ஒரு கண்காட்சிக்காகக் கலை விமர்சகர் ரோஜர் ஃப்ரை வைத்ததுதான். அப்போது அந்தப் பெயருக்குரிய முக்கிய ஓவியர்களான வான்கோ, செரா, கோகன், செசான் நால்வருமே உயிரோடு இல்லை. ஆகவே அது ஏதோ ஒரு பள்ளியின் பாடத்திட்டம் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். நான்கு பேரும் நான்கு விதமாக வரைந்தார்கள். நமக்கு எது உதவுமோ அதை எடுத்துக்கொள்ளலாம். நான் கோகனிடம் நிறத்தையும், செசானிடம் தீற்றலையும் (பிரஷ்ஷை ஒருமுறை வைத்து இழுப்பது), வான்கோவிடம் மரத்தைப் படத்தின் விளிம்பில் எங்கே வெட்டுவது என்பதையும் எடுத்துக்கொண்டேன்.

தேவையானவை

கேன்வாஸ் 40க்கு 50 சென்டிமீட்டர். இதைவிடப் பெரிதாக முதல் படத்துக்கு எடுக்காதீர்கள், பாதியில் சலித்துவிடும். ஃபிளாட் பிரஷ் (தட்டை முனை) மூன்று: 4, 8, 12ஆம் எண்கள். முடி விறைப்பாக இருக்க வேண்டும். மென்மையான பிரஷ் தீற்றலை வழித்துவிடும். ஒரு பேலட் நைஃப் (பெயின்ட் குழைக்கும் கத்தி). பழைய துணி நிறைய.

நிறங்கள் ஏழு போதும்: டைட்டானியம் ஒயிட், லெமன் எல்லோ, எல்லோ ஓக்கர், கேட்மியம் ஆரஞ்சு, குவினாக்ரிடோன் ரோஸ், அல்ட்ராமரைன், விரிடியன் (நீலம் கலந்த பச்சை). அடித்தளத்துக்கு மட்டும் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா. கறுப்பு வேண்டாம். கடைகளில் கிடைக்கும் ஸாப் கிரீன், ஹூக்கர்ஸ் கிரீன் மாதிரி தயார் இலைப்பச்சைகளை வாங்கவே வேண்டாம். அவை கையில் இருந்தால் கை தானாக அங்கேதான் போகும். என்னுடைய 23 மரப் படத்தில் ஒரு டியூப் ஸாப் கிரீன் முழுதாகக் காலியானது. படம் முழுக்க ஒரே பச்சை, ஒரே சுருதியில் ஊதிய நாதஸ்வரம் மாதிரி.

ரோஸ் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. இந்தப் படத்தின் நிழல்களெல்லாம் ஊதாதான், ஊதாவின் உயிர் அதிலிருக்கும் சிவப்பு. மலிவான ஒரு ரோஸை வாங்கி நான் வரைந்த படம் ஜன்னலுக்கு எதிரில் நான்கு வருடம் தொங்கியது. இப்போது அதன் நிழல்கள் வெறும் நீலம். வான்கோவுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. 1888இல் தன் படுக்கையறையை அவர் வரைந்தபோது சுவர்கள் ஊதா. அவர் பயன்படுத்திய சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளுத்துப்போய், இன்று நாம் பார்ப்பது நீலச் சுவர். எனவே டியூபைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். அங்கே நிறமியின் குறியீடு இருக்கும். பி.வி. 19 (PV19) என்று போட்டிருந்தால் அது குவினாக்ரிடோன், தாராளமாக வாங்கலாம். பி.ஆர். 83 (PR83) என்றிருந்தால் அது பழைய அலிஸரின் சிவப்பு, வெளுக்கும்.

இடத்தைப் பார்ப்பது

நேரில் போக முடிந்தால் காலை ஒன்பதுக்கு முன், அல்லது மாலை நான்குக்குப் பின். உச்சி வெயிலில் வெளிச்சம் நேர் கீழே விழும்; வெளியில் நிழலே படராது, வரைய ஒன்றும் இருக்காது. போட்டோவிலிருந்து வரைவதும் குற்றமில்லை. ஆனால் போட்டோ நிழலைக் கறுப்பாக்கிவிடும். அதிலிருந்து வடிவத்தை மட்டும் எடுங்கள், நிறத்தை எடுக்காதீர்கள்.

ஒரு அட்டையில் 4க்கு 5 சென்டிமீட்டர் ஓட்டை வெட்டி அதன் வழியாகப் பாருங்கள். கேன்வாஸின் அதே விகிதம். வான்கோ 1882இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருந்தபோது நூல் கட்டிய சட்டம் ஒன்றையே செய்யச் சொல்லி வாங்கி வைத்திருந்தார். அவருக்கே தேவைப்பட்டது என்றால் நமக்கு அட்டை ஒன்றும் கேவலமில்லை. ஓட்டைக்குள் வானம் தெரிந்தால் அட்டையைக் கீழே இறக்குங்கள். வானம் வந்துவிட்டால் படத்தில் இரண்டு வெளிச்சம் ஆகிவிடும். அவை ஒன்றோடொன்று சண்டை போடும், வானமே ஜெயிக்கும்.

இப்போது கண்ணைச் சுருக்குங்கள். இமைமுடி வழியாகப் பார்க்கிற அளவுக்கு. இலைகள் காணாமல் போய் மூன்றே திட்டுகள் மிஞ்சும்: வெளிச்சம், நடுத்தரம், இருட்டு. வெளிச்சத் திட்டின் வடிவம் என்ன? வெளி என்றதும் வட்டமாகத்தான் இருக்கும் என்று மனசு சொல்லும். நம்பாதீர்கள். நாம் பக்கவாட்டில் நின்று பார்ப்பதால் அது தட்டையாக, ஒரு பக்கம் இழுபட்டு, காய்ந்த இலை மாதிரி கோணலாக இருக்கும். அந்தக் கோணலை ஒரு தாளில் தீப்பெட்டி அளவுக்கு நாலைந்து முறை வரைந்து பாருங்கள். மரம் ஒன்றும் வேண்டாம். அந்தத் திட்டு மட்டும். எது தனியாகப் பார்க்கவே நன்றாக இருக்கிறதோ அதுதான் உங்கள் படம்.

திட்டைக் கேன்வாஸின் நட்டநடுவில் வைக்காதீர்கள். நடுவுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு பக்கமாக. கேன்வாஸில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அது போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் இருட்டு போதுமான அளவு இருந்தால்தான் வெளிச்சம் வெளிச்சமாக இருக்கும்.

அடித்தளம், பிறகு வெளி

வெள்ளைக் கேன்வாஸில் தொடங்காதீர்கள். எல்லோ ஓக்கரோடு துளி பர்ன்ட் சியன்னா சேர்த்து, நீர்க்கக் கரைத்து, துணியால் முழுக்கத் தேய்த்து விடுங்கள். செம்மண் கலங்கிய தண்ணீரின் நிறம் வரும். இதை அக்ரிலிக்கில் செய்தால் அரை மணியில் காய்ந்துவிடும். மேலே ஆயில் போடலாம். தலைகீழாக, ஆயில் மேல் அக்ரிலிக் போட்டால் உரியும். இந்தச் செம்மண் நிறம் கடைசிவரை அங்கங்கே தெரியப் போகிறது, எனவே திட்டுத்திட்டாக இருந்தால் பரவாயில்லை.

அல்ட்ராமரைனைத் தண்ணியாக்கி, 4ஆம் எண் பிரஷ்ஷால் வெளியின் வடிவத்தை ஒரு கோடாகப் போடுங்கள். பென்சில் வேண்டாம். பென்சில் எடுத்தால் இலை வரையத் தோன்றும்.

சரி, இப்போது நிறம். முதல் நிறம் வெளிக்குத்தான். வெயிலில் கிடக்கும் புல் பச்சையாக இருக்கும் என்பது நமக்குத் தெரிந்த சேதி. கண் பார்ப்பது வெளிர்மஞ்சள். லெமன் எல்லோவில் வெள்ளை, கொஞ்சம் ஓக்கர். பக்கத்திலேயே இன்னொரு கலவை: அதே வெள்ளையில் துளி ஆரஞ்சு, துளியிலும் துளி ரோஸ். இரண்டையும் கலந்துவிடாமல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வெள்ளை அதிகமானால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துவிடும். வெயில் வெள்ளையில் இல்லை, மஞ்சளுக்கு நடுவே தென்படும் அந்த இளஞ்சிவப்பில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

பெயின்ட் வெண்ணெய் பதத்தில் இருக்கட்டும். படத்திலேயே தடிமனான இடம் இதுதான். சுற்றியுள்ள நிழல் எல்லாம் மெல்லிசாக வரும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது இந்த மேடு தானாகவே மின்னும்.

தீற்றல்

இங்கேதான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான படங்கள் கெடுவது இங்கேதான்.

8ஆம் எண் பிரஷ்ஷை எடுங்கள். பிரஷ்ஷின் ஒரு முகத்தில் மட்டும் பெயின்ட் எடுங்கள், தோசைக் கரண்டியால் எடுப்பது போல. கேன்வாஸில் வையுங்கள். இரண்டு விரற்கடை நகர்த்துங்கள். தூக்குங்கள். அவ்வளவுதான், அது முடிந்தது. அதைத் திரும்பத் தொடக் கூடாது. துணியில் துடையுங்கள், அடுத்தது. போட்டதன் மேலேயே முன்னும் பின்னும் தேய்த்தால் அது சுவருக்கு டிஸ்டெம்பர் அடிப்பது. என் கை இன்றைக்கும் அதற்குத்தான் துடிக்கும். அதற்காக இடது கையில் துணியை எப்போதும் வைத்திருப்பேன். துடைத்தே ஆக வேண்டும் என்றால் கை சும்மா தேய்க்காது.

தீற்றல் எந்தப் பக்கம் போகிறது என்பது நிறத்துக்குச் சமமான விஷயம். செசானின் காட்டுப் படம் எதையாவது பெரிதாக்கிப் பாருங்கள். இலைக்கொத்து, பாறை, தரை எல்லாம் சாய்வாக, ஒன்றுக்கொன்று இணையாக, செங்கல் அடுக்கியது போல நிற்கும். இலை எதுவும் இல்லை, ஆனால் இலைப்பரப்புக்கு ஒரு கட்டுமானம் இருக்கிறது. நான் மூன்று திசை வைத்துக்கொள்கிறேன். வெளியின் தரைக்குப் படுக்கைத் தீற்றல், லேசாக வளைந்து. இலைப்பரப்புக்கு வலமேலிருந்து இடக்கீழாகச் சாய்வு. மரத்துக்கு மட்டும் நெடுக்கு. கண் இந்த மூன்று திசையை வைத்தே தரை எது, தழை எது, தண்டு எது என்று பிரித்துக்கொள்ளும். விவரம் வரையும் வேலை முக்கால்வாசி மிச்சம்.

தீற்றல்களுக்கு நடுவே செம்மண் அடித்தளம் தெரிந்தால் மூடாதீர்கள். பச்சைக்கு இடையில் அந்தச் சிவப்புப் பொட்டுகள்தான் படத்தை மூச்சுவிட வைப்பவை.

நிழல்

வெளியைச் சுற்றிய நிழலுக்கு அல்ட்ராமரைனும் ரோஸும் சேர்ந்த ஊதா. தூரத்து நிழலில் வெள்ளையும் நீலமும் தூக்கலாக, கிட்டத்து நிழலில் வெள்ளையே இல்லாமல். மிக இருண்ட இடத்துக்கு விரிடியனோடு ரோஸைக் கலந்து கொஞ்சம் அல்ட்ராமரைன் சேர்த்தால் கறுப்பை ஒட்டிய ஓர் ஆழம் கிடைக்கும். டியூப் கறுப்பைவிட எவ்வளவோ மேல்.

ஏன் ஊதா? ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒரு காகிதத் துண்டைப் பூசிக் காய வைத்து, வெளிக்குப் போட்ட அந்த மஞ்சளின் மேல் வையுங்கள். சாம்பல் மெல்ல ஊதா காட்டும். அதையே நீலத்தின் மேல் வைத்தால் மஞ்சளாகத் திரும்பும். பாரிஸின் கோப்லன் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த வேதியியலாளர் செவ்ரலிடம், கறுப்புச் சாயம் எடுப்பாக இல்லை என்று புகார் வந்தது. அவர் சோதித்தபோது சாயத்தில் குறையில்லை. கறுப்புக்குப் பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் அதை மங்கவைத்தன. பக்கத்து நிறம் பக்கத்து நிறத்தை மாற்றும் என்பதை 1839இல் அவர் பெரிய நூலாகவே போட்டார். மஞ்சளும் ஊதாவும் எதிரெதிர் நிறங்கள். கண் எப்படியும் தேடப்போகும் ஊதாவை நாமே எடுத்து வைத்துவிடுகிறோம், வெளியின் மஞ்சள் இன்னும் ஒரு படி ஏறும்.

பச்சை, போனால் போகிறது என்று

இப்போதுதான் பச்சை. அதுவும் நடுத்தரத் திட்டில் மட்டும். லெமன் எல்லோவும் விரிடியனும் சேர்ந்தால் கூர்மையான தளிர்ப்பச்சை. இது வெளியின் ஓரத்தில், வெயில் ஊடுருவும் இலைகளுக்கு, ஏழெட்டுத் தீற்றல் மட்டும். ஓக்கரும் விரிடியனும் சேர்ந்தால் பழுத்த பச்சை. விரிடியனில் ஆரஞ்சு போட்டால் பாசிப்பச்சை. அல்ட்ராமரைனும் லெமன் எல்லோவும் சேர்ந்தது அடக்கமான பச்சை, எங்கே வைத்தாலும் வம்பு செய்யாது. பேலட்டில் முழுக்கக் குழைக்காமல் பாதி கலந்த நிலையிலேயே எடுத்தால் ஒரே தீற்றலில் இரண்டு நிறம் வரும்.

அப்புறம் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயும்வரை கை வைக்காதீர்கள். ஈரத்தின் மேலேயே மரத்தைப் போடப்போனால் மஞ்சளும் ஊதாவும் கலந்து சேறுதான் மிஞ்சும். நான் ஐந்தாறு கேன்வாஸைச் சேறாக்கித்தான் இதைத் தெரிந்துகொண்டேன். அக்ரிலிக் என்றால் ஒரு மணி நேரமே போதும், ஆனால் காய்ந்ததும் ஒரு சாயல் இருண்டுவிடும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

மரங்கள்

ஐந்து அல்லது ஆறு. அதற்கு மேல் போகாதீர்கள். இரண்டுக்கு ஒரே தடிமன் வேண்டாம். மூன்றுக்கு ஒரே இடைவெளி வேண்டாம். ஒன்றிரண்டு மரங்கள் வெளியின் மஞ்சளுக்குக் குறுக்கே வரட்டும். அவைதான் ஆழத்தைக் கொடுக்கும்.

உச்சியைக் காட்டாதீர்கள். வான்கோ 1890 ஜூனில், ஓவேர் கிராமத்தில், ஏறத்தாழ அரை மீட்டர் உயரமும் ஒரு மீட்டர் அகலமுமான கேன்வாஸில் காட்டுக்குள் இருவர் நிற்பதாக வரைந்த படத்தில் எந்த மரத்துக்கும் உச்சி கிடையாது. ஊதாத் தண்டுகள் தூண்களாகக் கீழிருந்து மேல்வரை போய் விளிம்பில் அறுபடுகின்றன. நாமும் அந்தத் தோப்புக்குள்ளேயே நிற்கிறோம் என்று தோன்றுவதற்குக் காரணம் அந்த அறுப்புதான். மரத்தின் உச்சி தெரிகிறது என்றால் பார்ப்பவர் காட்டுக்கு வெளியே நிற்கிறார் என்று அர்த்தம்.

தண்டின் நிறம் பழுப்பு இல்லை. நிழல் பக்கம் ஊதாநீலம், வெளியைப் பார்த்த பக்கம் ஆரஞ்சு அல்லது ரோஸ், நடுவில் எதுவும் குழைக்க வேண்டாம். 12ஆம் எண் பிரஷ்ஷை நெடுக்காக, மேலிருந்து கீழே, மூன்று நான்கு தீற்றலில் ஒரு மரம். வெளியின் மஞ்சளும் தண்டின் ஊதாவும் சந்திக்கும் இடத்தில், முடிந்தால் இரண்டையும் ஒட்டவிடாமல் நூலிழை அளவு செம்மண் அடித்தளத்தை விட்டுவிடுங்கள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அந்த இழை தணல் மாதிரி எரியும். கை நடுங்கி ஓரிடத்தில் இழை காணாமல் போனால் போகட்டும். முழுக்கச் சீராக இருந்தால் அச்சுப்படம் போல ஆகிவிடும்.

வேரைத் தனியாக வரையாதீர்கள். தண்டின் அடியைக் கிட்டத்து நிழலுக்குள் கரைத்துவிடுங்கள், மரம் தானாக ஊன்றிக்கொள்ளும்.

நிறுத்தும் நேரம் எது? கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். முதலில் தீப்பெட்டி அளவில் வரைந்தீர்களே, அந்தக் கோணல் திட்டு இன்னும் அதே வடிவில் தெரிகிறதா? தெரிந்தால் பிரஷ்ஷைக் கழுவிவிடலாம். மரமோ இலையோ அதைத் தின்றுவிட்டது என்றால் அந்த வெளிர்மஞ்சளை மறுபடி கலந்து, தின்ற இடத்தில் நாலு தீற்றல் தடிமனாக.

ஆயிலில் வரைந்தவர்கள் வார்னிஷ் போட ஆறு மாதமாவது பொறுங்கள். அந்த வெளிச்சத் திட்டில் பெயின்ட் தடிமன் என்பதால் நான் ஒரு வருடம் விடுகிறேன். லின்சீட் ஆயில் (ஆயில் பெயின்ட்டில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய்) துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியவை. தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, அன்றைக்கே வெளியே வைத்துவிடுங்கள்.